பவழமல்லிக்கு நேர்மேலே இருந்த ஜன்னல்

காலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு பல்.

பவழமல்லிக்கு அடியில் முந்தைய நாள் மாலை நான் விரித்துவைத்த பழைய வேட்டியில், உதிர்ந்த பூக்களுக்கு நடுவே கிடந்தது. அக்டோபர் மாதம், பூ உச்சத்தில் இருந்த வாரம். காம்பவுண்டு சுவரின் டியூப் லைட் வெளிச்சத்தில் அதையும் பூ என்று நினைத்துத்தான் குனிந்தேன். பூவுக்கு வெள்ளை இதழ், செம்மஞ்சள் காம்பு. இது மஞ்சளோடிய வெள்ளை. ஒரு பக்கம் சிவப்பு.

செடிக்கு அந்தப்பக்கம் குத்தவைத்து அவள் பூப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இடது கையால் பொறுக்கினாள். வலது கை துப்பட்டாவை வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தது.

"அதத் தொடாதீங்கக்கா. நான் எடுத்துக்கிடுதேன்."

எடுத்தாள். சுவருக்கு அப்பால் ஓடும் சாக்கடையில் எறிந்தாள். பிறகு தட்டில் இருந்த பூக்களைக் கிளறி, சிவப்புத் துளி பட்டவற்றை ஒவ்வொன்றாக வெளியே போட்டாள்.

"ரத்தம் பட்ட பூவ சாமிக்கு வைக்கக்கூடாதுல்லா," என்றாள். "எங்க வீட்டுக்காரரு கண்டுபிடிச்சிருவாரு."

அவள் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தாள். செம்பூரில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள பழைய இரண்டு மாடிக் கட்டடம். நான் தரைத்தளம். என் சமையலறைக் கதவுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் இடையில் எட்டடி அகலத்தில் ஒரு மண் துண்டு உண்டு. சட்டப்படி அது கட்டடத்தின் வீட்டுக்காரர்கள் சேர்ந்த சொசைட்டிக்குச் சொந்தம். பழக்கப்படி தரைத்தளத்தில் இருப்பவர் செடி வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மாட்டுங்காவில் ஒரு நர்சரியிலிருந்து பவழமல்லிக் கன்றை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து நட்டேன். அப்போது நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் மும்பைப் பதிப்பில் செய்தி மேஜையில் வேலை பார்த்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். தனியாக இருக்கிறேன்.

பவழமல்லி மென்மையான செடி என்று பூவைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். வளர்ப்பவர்கள் சொல்லமாட்டார்கள். இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. கைமேல் இழுத்தால் தோல் கீறும். கிளை உருண்டையாக இருக்காது, நான்கு விளிம்புகள் இருக்கும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி நூற்றுக்கணக்கில் அடிமரத்தில் அப்பிக்கொள்ளும். மருந்தெல்லாம் அடித்துப் பார்த்து முடியாமல், குச்சியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, காலையில் அவற்றைப் பொசுக்குவேன். வெடிக்கும் சத்தம் கேட்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் செங்கல் உடைத்துப் போட்டு மேடு கட்டினேன். முதல் மூன்று வருடம் பூக்கவில்லை. புதுத் தளிரில்தான் பூக்கும், அதனால் பூ முடிந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித்தள்ள வேண்டும் என்று தோட்ட வேலை செய்யும் ஒரு மாலி சொன்னபிறகு வெட்டினேன். அந்த வருடமே பூத்தது. அதன்பின் ஒவ்வொரு வருடமும் வெட்டினேன். ஜூலைக்குள் மீண்டும் பத்தடி எழும்பிவிடும்.

மற்றப் பூக்கள் தரையில் விழுந்தால் சாமிக்கு வைக்கமாட்டார்கள். பவழமல்லிக்கு மட்டும் அது தலைகீழ். மாலையில் மலர்ந்து விடியுமுன் தானாக உதிரும். உதிர்ந்ததைத்தான் பொறுக்க வேண்டும், பறிக்கக்கூடாது. அவள் கணவர் இதில் கண்டிப்பானவர். தாராவியில் ஒரு கார்மெண்ட் யூனிட்டில் சூப்பர்வைசர். வயது முப்பத்தைந்து இருக்கும். தினமும் விடியற்காலையில் முக்கால் மணி நேரம் பூஜை. என்னை மாடிப்படியில் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார்.

"மேடம், உங்க பூ இல்லாம நம்ம வீட்டுல பூஜ ஓடாது," என்பார். "ஒங்களுக்கும் சேத்துத்தான் கும்பிடுதேன்."

ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். இரவு எட்டுக்குத்தான் திறப்பார். திருட்டு பயம் என்று சொல்லியிருந்தார். அவள் உள்ளே இருக்கிறாள் என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளிடம் போன் கிடையாது. அவர் குளித்துப் பூஜைக்கு எடுத்துவைக்கும் இருபது நிமிடம், பூவுக்காக, அவள் கீழே வரலாம். ஒரு நாளில் அவளுக்குத் திறந்த கதவு அது ஒன்றுதான்.

இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அந்தப் பல்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடம் தினமும் அவள் பூப் பொறுக்குவதைச் சமையலறையில் காபி கலக்கியபடி பார்த்திருக்கிறேன். அவர்கள் ஜன்னல் வழியாக நாற்காலி நகரும் சத்தமும் கேட்டிருக்கிறேன். என் மேஜைக்கு இப்படிச் செய்தி வரும்போது நாங்கள் 'குடும்பத் தகராறு' என்று தலைப்புப் போட்டு நான்கு வரியில் முடிப்போம். இடம் போதாவிட்டால் அந்த நான்கு வரிதான் முதலில் போகும்.

போலீஸுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"போயாச்சுக்கா. எங்க அப்பாவத்தான் கூப்பிட்டாங்க. அவரு தாராவியிலருந்து வந்து, இவரு காலுல விழுந்து, என்னையக் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாரு. ரெண்டு தடவ."

"என் வீட்டுல இரு."

அவள் தலையை நிமிர்த்தித் தன் ஜன்னல் இருந்த திசையைப் பார்த்தாள். கிளைகளுக்கு மேலே அது தெரியவில்லை.

"ஒங்க வீடு எவ்வளவு தூரம்க்கா? முப்பத்தாறு படி."

அம்பர்நாத்தில் அவளுடைய தங்கை இருந்தாள். மருந்து டப்பா பேக் செய்யும் கம்பெனியில் வேலை. நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு ரூம் எடுத்திருந்தார்கள். ஒரு கட்டில் காலியானால் தங்கை அக்காவை வரச் சொல்வாள். அந்த விலாசம் கணவருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அவள் போகக்கூடிய இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அது எப்போது காலியாகும் என்று கேட்க அவளிடம் போன் இல்லை.

என் பழைய போனில் புது சிம் போட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பவழமல்லியின் தூரில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு மண் தொட்டிக்கு அடியில் வைத்தேன். அன்றிலிருந்து பூப் பொறுக்கும் இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடம் அவள் தங்கையோடு பேசினாள். குத்தவைத்து, ஒரு கையால் பொறுக்கிக்கொண்டே, குரலை விழுங்கிப் பேசுவாள். நான் சமையலறையில் மிக்ஸியை ஓடவிடுவேன். விடியற்காலையில் என்ன சட்னி என்று முதல் மாடிக்காரர் கேட்டார். தேங்காய் என்றேன்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர். அதற்குள் அவளுக்கு மேலும் இரண்டு முறை அடி விழுந்தது. ஒருமுறை விலா. குனிய முடியாமல் முழங்காலிட்டுப் பொறுக்கினாள். ஒருமுறை இஸ்திரிப் பெட்டியின் வயர். கழுத்தில் தடம் இரட்டைக் கோடாக இருந்தது. காரணம் கேட்டேன். முதல் முறை சாதம் குழைந்தது, இரண்டாம் முறை குழையவில்லை என்றாள். சிரித்தாள். பல் போன இடம் தெரிந்தது.

ஜனவரி பிறந்ததும் பூ நின்றது. அவளுக்குக் கீழே வரக் காரணமும் நின்றது. நான் மாடிப்படியில் கணவரை நிறுத்தினேன். அவருக்கு இடுப்புப் பிடிப்பு உண்டு. இடது காலை இழுத்து இறங்குவார்.

"பவழமல்லி இலைக் கஷாயம் குடிச்சுப் பாருங்க. காலையில பறிச்ச இலையா இருக்கணும். முதல் நாள் இலை வேலை செய்யாது."

"மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

குளிரில் அவருடைய குளியலும் பூஜையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிருந்ததால், மறுநாளிலிருந்து ஆறே முக்காலுக்கு அவள் இலை பறிக்க வந்தாள். அந்தக் கஷாயத்தின் கசப்பு தொண்டையில் அரை நாள் நிற்கும்.

"நல்லா சுண்டக் காய்ச்சிக் குடுக்கேன்க்கா," என்றாள். "முகத்தப் பாக்கணுமே! ஒரு நாளைக்கு அந்த ஒரு நிமிசந்தான் எனக்கு சினிமா."

ஜனவரி மூன்றாம் வாரம் தங்கை தேதி சொன்னாள். ரூமில் ஒருத்திக்குக் கல்யாணம். பிப்ரவரி நான்காம் தேதி காலி செய்கிறாள். ஐந்தாம் தேதி காலை இலை பறிக்க இறங்கும்போது அப்படியே போய்விடுவது என்று முடிவானது. ஆட்டோவில் குர்லா, அங்கிருந்து அம்பர்நாத் லோக்கல். உடுத்த இரண்டு செட் துணியை என் அலமாரியில் வைத்தோம்.

பத்திரிகை அலுவலகத்துக்கு வருடத்தில் முழு விடுமுறை சில நாட்கள்தான். அதில் ஒன்று ஜனவரி இருபத்தாறு. மறுநாள் பேப்பர் வராது. வேலையில் இருந்த காலம் முழுக்க, பகல் வெளிச்சத்தில் எனக்கு வீட்டில் கிடைத்த நாள் அது. அதனால் பவழமல்லியை அன்றுதான் வெட்டுவேன். ஓய்வு பெற்ற பிறகும் அன்றுதான் வெட்டினேன். ஏன் இன்று என்று கேட்டுக்கொண்டதில்லை. பிப்ரவரி நடுவில் எப்படியும் இலை முழுவதும் கொட்டிவிடும். அதற்கு முன் வெட்டினால் குப்பை குறைவு.

அன்று காலை பத்து மணிக்கு நீளக் கைப்பிடிக் கத்தரியும் ரம்பமும் எடுத்து ஆரம்பித்தேன். மைதானத்தில் கொடியேற்றத்துக்குக் கட்டிய ஒலிபெருக்கி இன்னும் பாடிக்கொண்டிருந்தது. இரண்டு விரல் தடிமன் வரை கத்தரி கடிக்கும், அதற்குமேல் ரம்பம். நுனியிலிருந்து தொடங்கி, குறுக்கே போன கிளைகளை எடுத்து, கடைசியில் நான்கு தண்டுகளை முழங்கால் உயரத்தில் அறுத்தேன். பால் வராது. வெட்டுவாய் வெளிர் மஞ்சளாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் பழுப்பாகும். கஷாயத்துக்கு இலை வேண்டுமே என்று தெற்குப் பக்கம் தாழ்வாக ஒரு கிளையை மட்டும் விட்டேன். போன் இருந்த தொட்டியை மிதிக்காமல் பார்த்துக்கொண்டேன். வெட்டிய கிளைகளை இலை உருவிச் சுவரோரம் அடுக்கினேன். குப்பைக்காரர் எடுக்க வசதியாக எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் நறுக்கியிருந்தேன். ஒரு கை நீளம்.

இலையை நினைத்தேன். போனை நினைத்தேன். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆறு ஐம்பது. நான் மிக்ஸியைப் போட்டேன். அவள் அந்தத் தாழ்ந்த கிளைக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தாள், போன் இடது காதில். அவளுக்கு நேர்மேலே, இருபத்தைந்தடி உயரத்தில், அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல். ஜூலையிலிருந்து நேற்று வரை இரண்டுக்கும் நடுவில் செடி இருந்தது. இன்று எதுவும் இல்லை. அவர் தீபத்துக்கு நெருப்புப்பெட்டி எடுக்கச் சமையலறைக்கு வந்திருக்கிறார். இதைப் பிறகு போலீஸ் ஸ்டேஷனில் அவரே சொன்னார்.

அவர் இறங்கிவந்த சத்தம் மிக்ஸியில் எனக்குக் கேட்கவில்லை. திறந்த கதவு வழியாக முதலில் தெரிந்தது ஈர வேட்டி. நெற்றியிலும் மார்பிலும் விபூதி. கத்தவில்லை. அவள் கையிலிருந்து போனை வாங்கித் தன் காதில் வைத்தார். நான் மிக்ஸியை நிறுத்தினேன். தங்கையின் குரல் எனக்கே கேட்டது.

"...ஏட்டி, கேக்கா? கட்டிலு நாலாந்தேதியே காலியாயிரும். துணி ரொம்பக் கொண்டாராத..."

அவர் போனைச் சுவரில் அடித்தார். இரண்டு துண்டானது.

"எந்தக் கட்டிலு?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். "யாரு வீட்டுக் கட்டிலுட்டி?"

அவர் திரும்பிப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் நான் அடுக்கியிருந்த கிளைகள் இருந்தன. ஒன்றை உருவினார்.

முதல் அடி தோளில். இரண்டாவது, அவள் தடுத்த முன்கையில். மூன்றாவது தலையின் இடது பக்கம், காதோடு சேர்த்து. நான்கு விளிம்புள்ள குச்சி காதின் மேல்மடலைக் கிழித்தது. அவள் பக்கவாட்டில் விழுந்தாள். வெட்டிய தண்டுகளில் ஒன்று அவள் இடுப்பில் இடித்தது. நான்காவது அடி முதுகில். ஒவ்வொன்றுக்கும் இடையில் அதே கேள்வியைக் கேட்டார்.

கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தார். பத்தடி தள்ளி நின்றார்.

"மேடம், ஆபஸ் கா மாம்லா ஹை," என்றார் என்னிடம். அவர்களுக்குள் உள்ள விஷயமாம்.

முதல் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. எதிர்க்கட்டடத்தில் மூன்று திறந்தன. ஒன்றில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் வாயிலேயே நின்றது.

நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன். அடிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். முப்பது வருடம் செய்த வேலை அது: எத்தனை, எங்கே, எதனால். ஐந்தாவது விழுந்தபோது என் கை கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த கத்தரிக்குப் போனது. அது இரண்டரை அடி நீளம், இரும்புக் கைப்பிடி. கத்தரியின் வாயை மூடிப் பிடித்து, கைப்பிடிப் பக்கத்தால், ஆறாவது அடிக்கு உயர்ந்த வலது முழங்கையில் ஓங்கி அடித்தேன்.

காய்ந்த கிளை முறியும் சத்தம்தான். வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

குச்சி கீழே விழுந்தது. அவர் மண்ணில் உட்கார்ந்தார். முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"என்ன மேடம்?" என்றார். "நீங்க போயி..."

அவள் எழுந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக நைட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. "ஓடு" என்றேன். அவள் ஓடவில்லை. குனிந்து அந்தக் குச்சியை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து அவர் முதுகில் ஒன்று, தோளில் ஒன்று போட்டாள். மூன்றாவதை முகத்துக்கு ஓங்கினாள். அவர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கஷாயம் சூடா வச்சிருக்கேன், அடுப்புல," என்றாள். "போயி குடி."

குச்சியைப் போட்டாள். என் அலமாரியில் இருந்த துணிப்பையை எடுத்துக் கொடுத்தேன். என் செருப்பையும் கழற்றிக் கொடுத்தேன். காதை என் துண்டால் கட்டி, முடிச்சைத் தாடைக்குக் கீழே போட்டேன். வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் நின்றார். பால்காரர் சைக்கிளோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். அந்த இடைவெளியில் அவள் வெளியே போனாள். கடைசியாகப் பார்த்தது ஆட்டோவின் பின்புறம்.

ஒன்பது நாள் முன்னதாகப் போனாள். கட்டில் காலியாகாததால் எட்டு இரவு தங்கையோடு ஒரே கட்டிலில் படுத்தாள்.

ஸ்டேஷனில் என்மேல்தான் புகார். சப்-இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுதும்போது, 'இருவருக்கும் ஏற்பட்ட வாக்குவாதத்தில்' என்று தொடங்கினார். வாக்குவாதம் இல்லை, அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அந்த வரியை எடுங்கள் என்றேன். எடுத்தார். பிற்பகலில் அவளுடைய அப்பா தாராவியிலிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"எம்புள்ள வாழ்க்கையக் கெடுத்திட்டியே, பாவி. எங்கன அனுப்பியிருக்க? சொல்லு. இன்னைக்கே கூட்டிட்டு வந்து, அவரு கையக் காலப் புடிச்சிச் சேத்துவைக்கேன்."

"அவரு கையைப் பிடிக்காதீங்க. உடைஞ்சிருக்கு," என்றேன்.

அவர் என் கன்னத்தில் அறைந்தார். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்து அவரை உட்காரவைத்தார். விலாசம் எனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். அதில் மட்டும் பொய் சொன்னேன். மார்ச்சில் கணவர் புகாரைத் திரும்பப் பெற்றார். கேஸ் நடந்தால் அவர் அடித்ததும் வெளியே வரும், அது யூனிட் வரை வரக்கூடாது என்று அவருடைய முதலாளி சொன்னதாகக் கேள்வி. ஏப்ரலில் வீட்டைக் காலி செய்தார். சாமான் ஏற்றும்போது என் கதவருகே வந்து நின்றார். வலது கை முழுதாக நீளவில்லை.

"அவ எங்க இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியும், மேடம்."

"தெரியாது."

"அந்தக் கஷாயம் இடுப்புக்கு நல்லாத்தான் கேட்டுது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொசைட்டி கூட்டம் போட்டது. காம்பவுண்டுக்குள் ஆயுதம் கிடந்ததுதான் பிரச்சினைக்குக் காரணம் என்று செக்ரட்டரி சொன்னார். ஆயுதம் என்று அவர் சொன்னது கிளைகளை. மண் துண்டைச் சிமெண்ட் போட்டு மூடுவதாகத் தீர்மானம் நிறைவேறியது. மே மாதம் இரண்டு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். அறுத்த தண்டுகளில் அப்போது விரல் நீளத்துக்குத் தளிர் விட்டிருந்தது. வேர் நான் நினைத்ததைவிட ஆழம். செங்கல் துண்டுகளைக் கவ்விக்கொண்டு இறங்கியிருந்தது. கோடாரியால் பக்க வேர்களை வெட்டி, கயிறு கட்டி இழுத்து, மதியம் ஒரு மணிக்குத்தான் வெளியே எடுத்தார்கள். சாயங்காலம் சிமெண்ட் போட்டார்கள். இப்போது அங்கே யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் நிற்கிறது.

அவள் தங்கையின் கம்பெனியிலேயே சேர்ந்துவிட்டாள். இரண்டாவது ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். ரூமில் இருப்பவர்கள் அவள் சத்தமாகப் பேசுவதாகக் கேலி செய்கிறார்களாம். இடது காது கேட்பதில்லை.